பாகூர் சாவுவீட்டுக் கேமராவை விலை பேசப் போன கதை

பழைய கேமரா தேடி ஊர் ஊராக அலைகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, பாண்டிச்சேரி கிராமப்புறத்தில் இன்னும் ஏதாவது கிடைக்குமா என்பதுதான். இப்போது கிடைக்குமா என்று தெரியாது. கிடைத்த காலத்தில் போனவன் நான். பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்த மறு வருஷம், மாசி மாதம். துரைமார்கள் மூட்டை கட்டியபோது விட்டுப்போன கேமராக்களை வாங்கித் துடைத்து, மெட்ராஸ் ஸ்டூடியோக்களுக்கு விற்பது என் பிழைப்பு. எனக்கு இருபத்தாறு வயது. பேய் பிசாசு என்றால் சிரிக்கிற வயது.

விழுப்புரத்தில் பாசஞ்சர் ரயிலைப் பிடித்து வில்லியனூரில் இறங்கும்போது காலை ஏழரை. கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒருவரிடம் மடிப்புக் கேமரா ஒன்று இருந்தது. லென்ஸுக்குப் பின்னால் விரிகிற தோல் துருத்திக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன், சல்லடை மாதிரி ஓட்டை. லென்ஸில் பூஞ்சை கோலம் போட்டிருந்தது. அவர் சொன்ன விலைக்குப் புதிதே வாங்கலாம். நான் உதட்டைப் பிதுக்கியதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்ல சாமான் வேணும்னா பாகூருக்குப் போங்க. போட்டோக்காரர் ஏகாம்பரம் செத்துட்டாரு, அவரு பொண்டாட்டி விக்கிறாங்களாம்" என்றார்.

பாகூர் ஒன்பது மைல். முனுசாமி என்பவர் இரண்டே கால் ரூபாய்க்கு மாட்டுவண்டி பூட்டினார். போகிற வழியில் பழைய சுங்கச் சாவடி ஒன்று ஆளில்லாமல் நின்றது. முந்தின வருஷம் வரை அங்கே பெட்டியைத் திறந்து காட்டாமல் ஒரு அடி நகர முடியாது. இப்போது தடுப்புக் கழியைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள், உள்ளே ஒரு ஆடு படுத்திருந்தது. கரிக்கலாம்பாக்கம் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரும்பு. காற்றே இல்லை. அப்போதுதான் முனுசாமி யார் வீட்டுக்கு என்று கேட்டார். சொன்னேன். மாட்டை நிறுத்தியே விட்டார்.

"அந்தப் பொட்டியா? அது சாவு வூட்டுப் பொட்டி சார். உசுரோட இருக்கிறவன் எவனும் அது எதிர்ல ஒண்டியா நிக்க மாட்டான். நீங்க இன்னாத்துக்கு அத்த வாங்கறீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. அந்தப் பக்கத்தில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. யாராவது இறந்தால் குளிப்பாட்டி, மாலை போட்டு, நாற்காலியில் உட்காரவைத்து, தலை சாயாமல் துணியால் கட்டி, சொந்தபந்தம் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். பல பேருக்கு வாழ்நாளில் அது ஒன்றுதான் படம். சுற்றுவட்டாரத்துக்கு ஏகாம்பரம் ஒருவர்தான் போட்டோக்காரர்.

வீட்டுக்குப் போனபோது மணி பன்னிரண்டு இருக்கும். ஏகாம்பரத்தின் மனைவி பூங்காவனத்துக்கு நாற்பது வயது சொல்லலாம். தண்ணீர் கொடுத்துவிட்டு, கூடத்து மூலையில் போர்வை போர்த்தியிருந்ததைக் காட்டினார். விலக்கினால் தேக்கு மரத்தில், கண்ணாடித் தகட்டில் படம் பிடிக்கும் பிளேட் கேமரா, பித்தளை லென்ஸ், மூன்று கால் ஸ்டாண்டு. ஷட்டர் கிடையாது. லென்ஸ் வாயில் தோல் மூடி ஒன்று. அதைக் கழற்றி, வாய்விட்டு ஐந்து வரை எண்ணி, திரும்ப மாட்ட வேண்டும். அவ்வளவுதான் விசை. மூடியைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன். துருத்தி உறுதியாக இருந்தது.

லென்ஸை மதிப்பிட, எடுத்த படங்களைப் பார்க்க வேண்டும். அலமாரியிலிருந்து கண்ணாடி பிளேட்டுகளை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தேன். நெகட்டிவ் என்பதால் முகமெல்லாம் கறுப்பு, தலைமுடி வெள்ளை. சுற்றி நிற்கிறவர்கள் எல்லாரும் லேசாகக் கலங்கியிருந்தார்கள். எண்ணி முடிப்பதற்குள் மூச்சு விட்டிருப்பார்கள், அழுதிருப்பார்கள். நடுவில் நாற்காலியில் இருப்பவர் மட்டும் இமை மயிர் வரைக்கும் துல்லியம். எந்தப் பிளேட்டை எடுத்தாலும் அதே கதை. நல்ல லென்ஸ் என்று மனசு கணக்குப் போட்டது. நூற்றைம்பது ரூபாய் என்றேன்.

பூங்காவனம் விலையைப் பற்றிப் பேசவில்லை. பிளேட் மாட்டும் மரச்சட்டம் ஒன்றை நீட்டினார். "இதுல இன்னா இருக்குதுன்னு பாத்துச் சொல்லு தம்பி. அப்புறம் பொட்டிய எடுத்துக்கோ."

சட்டத்தில் வெளிச்சம் புகாமல் மூடியிருக்கும் தகட்டைப் பார்த்தேன். படம் எடுத்ததும் அதைத் திருப்பிப் போடுவது தொழில் வழக்கம். திருப்பிப் போட்டிருந்தது. உள்ளே எடுத்த படம் ஒன்று, மருந்தில் கழுவாமல்.

அவர் சொன்னது இது. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். குரல்தான் கேட்டது, ஆள் முகத்தை அவர் பார்க்கவில்லை. ஏகாம்பரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அன்றைக்குச் சுற்றுவட்டாரத்தில் எங்கேயும் சாவு விழவில்லை.

மீதியைச் சொன்னது வாசலோடு நின்றுவிட்ட முனுசாமி. மறுநாள் பாகூர்ப் பக்கம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தபோது ஏகாம்பரத்தைக் கண்டுபிடித்ததே அவர்தானாம். "ஊருக்கு வெளிய தொரை காலி பண்ணிட்டுப் போன பங்களா சார். ஒரே ஒரு நாற்காலி. அதுகிட்ட தரையில கெடந்தாரு. மாரடைப்புன்னாங்க. பொட்டி மூணு கால்ல நாற்காலியப் பாத்துக்கினே நிக்குது. மூடி போட்டிருந்துச்சி. நான்தான் அப்படியே ஏத்தியாந்தேன்."

"ஊரு பொணத்தையெல்லாம் சொந்தக்காரங்களோட உக்கார வெச்சாரு" என்றார் பூங்காவனம். "அவரு மட்டும் ஒண்டியா போய்ட்டாரு. அத்த நெனச்சா எனக்குச் சோறு எறங்கல தம்பி." சொல்லிவிட்டு அழுதார். நான் என் பையைத் திறந்தேன்.

லென்ஸைச் சோதிக்க, படம் கழுவும் மருந்துப் பொட்டலங்கள் எப்போதும் அதில் இருக்கும். ஜன்னல் இல்லாத நெல் அறையில் கதவிடுக்கைக் கோணியால் அடைத்தோம். விளக்குக்குச் சிவப்புக் காகிதம் சுற்றினேன். வெளியே பட்டப்பகல் வெயில், உள்ளே ரத்த நிறம். பூங்காவனம் என் பக்கத்தில் நின்றார். முனுசாமி எவ்வளவு கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

மருந்தில் முதலில் நாற்காலி வந்தது. பிறகு அதில் ஒரு ஆள். கதர்ச் சட்டை, கழுத்தில் துண்டு. படம் அழியாமல் நிலைக்க ஹைப்போ மருந்தில் போட்டு எடுத்து, விளக்கெதிரில் பிடித்தேன். பூங்காவனம் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"அவருதான். கண்ணு தொறந்திருக்குதா?"

"திறந்திருக்குங்கம்மா."

"மொகம் ஏன் கலங்கலா இருக்குது?"

"அசைஞ்சிருக்காரு. மூச்சு விட்டிருக்காரு. படம் எடுக்கும்போது உயிரோடதான் இருந்திருக்காரு."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மூடியைக் கழற்றிவிட்டு அவரே ஓடிப்போய் உட்கார்ந்திருந்தால், உடம்பு வழியாக நாற்காலியின் முதுகு மங்கலாகத் தெரிந்திருக்கும். தெரியவில்லை. அவர் நன்றாக உட்கார்ந்த பிறகுதான் மூடி கழன்றிருக்கிறது, அவர் எழுவதற்கு முன்பே மாட்டப்பட்டிருக்கிறது. யாரோ பொறுமையாக ஐந்து வரை எண்ணியிருக்கிறார்கள்.  மறைக்கத் தெரியாமல் அதையும் சொல்லிவிட்டேன்.

பூங்காவனம் பயப்படவில்லை. "அப்ப ஒருத்தங்க கூட இருந்திருக்காங்க" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். வாசலில் முனுசாமி, வெயில் சாய்வதற்குள் கிளம்பணும் என்று கத்தினார்.

இப்படி வாங்கப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்ல இருப்பது கொஞ்சம். துருத்திக்கு டார்ச் அடித்துப் பாருங்கள். எடுத்த படத்தைப் பார்க்காமல் லென்ஸுக்கு விலை சொல்லாதீர்கள். பிளேட் சட்டம் கிடைத்தால் அதன் தகட்டை வெளிச்சத்தில் இழுத்துவிடாதீர்கள், உள்ளே இருப்பது யாருக்காவது உயிராக இருக்கும். வில்லியனூரிலிருந்து பாகூருக்கு இன்று பஸ்ஸிலேயே போய்விடலாம். அந்த பங்களா இருந்த இடத்தைக் கேட்டு எனக்கு எழுதாதீர்கள், நான் போகவில்லை, போகவும் மாட்டேன்.

கேமராவை வண்டியில் ஏற்றும்போது பூங்காவனம் வந்து, பிளேட்டோடு தோல் மூடியும் தனக்கு வேண்டும் என்றார். மூடி இல்லாவிட்டால் அந்த லென்ஸால் படமே எடுக்க முடியாது. நியாயமாக விலையைக் குறைத்திருக்க வேண்டும். நான் குறைக்கவில்லை. வேறு மூடி தைத்துக்கொள்ளலாம் என்றேன். உண்மையில் நெல் அறையை விட்டு வெளியே வந்ததிலிருந்து அந்த மூடியைத் தொட எனக்குக் கை வரவில்லை. நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் லென்ஸிலிருந்து மெதுவாகக் கழற்றி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டார்.

"யாரா இருந்தா இன்னா தம்பி. அவரு போறப்ப பக்கத்துல இருந்த கை இத்தத் தொட்டிருக்குது."