கணக்கு மார்க்கும் கப்பல் கேலியும்

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நானும் அந்த இனம்தான். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளிடம், "கணக்குல ஃபெயிலானா மெயின்லேண்ட் கப்பல்ல ஏத்தி சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிடுவேன்" என்று அடிக்கடி கேலி செய்வேன்.

அன்று எங்கள் தீவின் ஜங்லிகாட் பகுதியில் என் கடையில் இருந்தபோது, வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் எல்லாப் பிள்ளைகளின் மதிப்பெண்களும் வந்தன. மகள் கணக்கில் தேறவில்லை. "கப்பல் டிக்கெட் ரெடி!" என்று குழுவிலேயே போட்டேன். சிரிப்புப் பொம்மைகள் குவிந்தன.

சாயங்காலம் மனைவி வேலையிலிருந்து வீடு திரும்பியதும் போன் செய்தாள்: "பொண்ணக் காணோம்ங்க. துணிப் பையும் இல்ல."

ஸ்கூட்டரைக் கப்பல் ஏறும் ஜெட்டிக்கு விரட்டினேன். மழை இருட்டில் கடல் கறுத்துக் கிடந்தது. அதைப் பார்த்ததும் மனதில் ஓடியதை எழுத எனக்குக் கை வரவில்லை.

ஜெட்டி வாசலில் மகள் பையை அணைத்தபடி நனைந்து நின்றாள். காவலர் முறைத்தார்: "க்யா பாய், உங்க பொண்ணா? எந்தக் கப்பல்னு கேட்டு அழுவுறா."

"நீங்க குரூப்புல போட்டதப் பாத்துட்டு, டிக்கெட் எடுத்துட்டதா பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொன்னாங்கப்பா."

இப்போதெல்லாம் மதிப்பெண் வந்தால் குழுவில் வாய் திறப்பதில்லை. எது புரியவில்லை என்று மகளிடம் கேட்டுவிட்டு, டீச்சரைத் தனியாகப் பார்க்கிறேன்.

"அப்பா திருந்திட்டேனாம்மா?" என்று அவளிடமே கேட்டேன்.

"அடுத்த டேர்ம்ல சொல்றேன்."