மைத்துனன் கேள்வி

ஒரு கிரேக்க நாவலைத் தமிழாக்கும்போது, அதிலுள்ள மரபுத்தொடர்களை ஆங்கிலத்தில் விளக்கித் தர ஆள் தேடினேன். இணையத்தில் அகப்பட்டவர்கள் எல்லாம் அகராதியை அப்படியே கக்கினார்கள். எரிச்சலில் நானே ஒரு பரீட்சை வைத்தேன்.

“எனக்குத் தென்காசி. சாரல் தொடங்கியதும் மதுரையிலிருந்து மைத்துனன் போன் போட்டு, ‘அத்தான், குத்தாலத்துல தண்ணி விழுதா?’ என்பான். உண்மையில் அவன் என்ன கேட்கிறான்?”

மழை நிலவரம் என்றார் ஒருவர். இன்னொருவர் நீர்வளம் பற்றி ஒரு பக்கம் எழுதினார். ஏதென்ஸிலிருந்த பெண்மணி மட்டும், “உங்கள் வீட்டில் எத்தனை பேர் படுக்கலாம் என்று கேட்கிறார்” என்று எழுதியிருந்தார். வேலையை அவரிடமே கொடுத்தேன்.

புத்தகம் வெளிவந்துவிட்டது. இந்த ஆனியில் அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. நலம் விசாரிப்பு எதுவும் இல்லை, ஒரே வரிதான்:

“குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா?”