பையால் மூடிய புகை அலாரம்

டோர்செட் பார்க் பகுதியில் எங்கள் அப்பார்ட்மென்ட் அறையொன்றை, கொழும்பிலிருந்து படிக்க வந்த மாணவர் ஒருவருக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தோம். மிளகாய் தாளித்தாலே புகை அலாரம் அலறும். அயலவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். ஒருநாள் அவர் அதைக் கடைப் பையால் மூடிக் கட்டிவிட்டு, "இனி உது வாய் திறக்காது, அன்ரி," என்று சிரித்தார்.

"நல்லதாப் போச்சு, தம்பி," என்றேன்.

பனிக்காலத்தில் ஒரு பின்னேரம் வேலையால் வந்து கதவைத் திறந்தேன். வீடெல்லாம் கரும்புகை. பரீட்சைக்குப் படித்த களைப்பில், கறியை அடுப்பில் வைத்துவிட்டு அவர் தூங்கியிருந்தார். தட்டியும் எழும்பவில்லை. நானும் எதிர்வீட்டுக்காரரும் அவரை வெளியே இழுத்து வந்தோம். உயிர் தப்பினார். ஆனால் சுவாசப்பை பழுதாகி, படிப்பை விட்டு ஊருக்குத் திரும்பினார்.

இப்போது அலாரத்தை யாரும் மூட நான் விடுவதில்லை. அது அலறினால் ஜன்னலைத் திறந்துவிட்டு, அயலவரிடம் நானே போய் மன்னிப்புக் கேட்கிறேன்.