தமிழ் தெரியாத டீச்சர்

அன்று பிப்ரவரி மூன்றாம் தேதி, காலையிலிருந்தே தூறல். இரண்டாம் வகுப்புக்கு ஸ்பானிய மொழி கற்பித்த அந்த நெட்டை ஆசிரியை, ஜூன் முதல் பிள்ளைகளிடம் தமிழில் ஒரு சொல்லும் பேசியதில்லை. அப்போதுதான் புதுமொழி நாவில் ஏறும் என்பது அவர் கொள்கை. அவருக்குத் தமிழே தெரியாது என்று பிள்ளைகள் நம்பிவிட்டார்கள்.

முன்வரிசைச் சிறுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தோழியிடம் அழுதாள்.

"ரொம்ப வலிக்குதுடி. இவங்ககிட்ட எப்படிச் சொல்றது? இவங்களுக்குத்தான் தமிழ் தெரியாதே!"

இத்தனை மாதப் பாடும் வீணாகிவிடுமே என்று ஆசிரியை ஒரு கணம் தயங்கினார். பிறகு சாக்பீஸை வைத்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்டா கண்ணு. எங்க வலிக்குது, சொல்லு."

கடைசி பெஞ்சுக் குறும்பன் மெல்ல எழுந்தான்.

"அப்போ, நாங்க உங்கள ஒட்டகச்சிவிங்கின்னு சொன்னதெல்லாம் புரிஞ்சுதா டீச்சர்?"

"புரிஞ்சுதுப்பா."