வெர்லின் மாட்டிய டிவி

வெர்லின் நைகார்டுக்குத் தெரியாத கைவேலை உலகத்தில் கிடையாது. சொன்னவர் வெர்லின்தான்; வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மினசோட்டாவில் வில்மர் என்ற ஊரில், காலமெல்லாம் வான்கோழித் தொழிற்சாலையில் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் ஓய்வு பெற்றதும் வான்கோழிகள் தப்பித்தன, வீடு மாட்டிக்கொண்டது. குளியலறைக் கதவைச் சரிசெய்தார். அன்றிலிருந்து அது வெளியிலிருந்து மட்டும் பூட்டுகிறது.

யாரும் குறை சொன்னதில்லை. அந்த ஊர்க்காரர்களுக்கு முகத்துக்கு நேரே குறை சொல்ல நாக்கு எழாது. கண்கொண்டு பார்க்கச் சகிக்காததை "வித்தியாசமா இருக்கே" என்பார்கள். வீடே எரிந்து சாம்பலானாலும் "இதைவிட மோசமா ஆகியிருக்கலாம்" என்பார்கள். வெர்லின் அத்தனையையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு நிம்மதியாக வாழ்ந்தார்.

மகள் பிரிட்டா பிள்ளையுண்டானதும், தொட்டிலுக்கு மேலே சுவரில் ஓர் அலமாரி தன் கையாலேயே அடித்துத் தருவதாக அறிவித்தார்.

"பார்க்கலாம்ப்பா" என்றாள் பிரிட்டா.

அங்கே "பார்க்கலாம்" என்றால் செத்தாலும் நடக்காது என்று அர்த்தம். அதிசயமாக இந்த ஒரு தடவை வெர்லினுக்கு அது புரிந்துவிட்டது. மனசு சுருக்கென்றது. பிறக்கப்போகிற பிள்ளைக்கு என்று தன் கையால் ஒன்று செய்துவிட வேண்டும்; அந்தக் குளிர்காலத்தில் மனிதருக்கு அதைத் தவிர வேறு ஆசை இல்லை. சரி, நம் கைத்திறனை அவளே கண்ணால் பார்க்கட்டும் என்று, இரண்டு பேர் சேர்ந்தாலும் மூச்சு வாங்குகிற கனத்தில் ஒரு டிவி வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை டிவியில் ஊதாச் சட்டை போட்ட அவர்கள் மாநிலக் கால்பந்து அணி விளையாடும்போது, பார்க்க மகள் வருவாள். அதற்குள் சுவரில் ஏற்றிவிட வேண்டும்.

சுவர் என்றால் செங்கல் அல்ல. முன்னால் ஜிப்சம் பலகை, பின்னால் இடைவெளி விட்டு நிற்கும் மரச்சட்டங்கள். கனமான எதையும் சட்டத்தில்தான் முடுக்க வேண்டும். பலகையை நம்பினால் அது பாதியில் கைவிடும்.

பக்கத்து வீட்டு டுவேன் எட்டிப் பார்த்தார். "வெர்லின், உள்ள மரம் எங்க நிக்குதுன்னு காட்டுற கருவி ஒண்ணு எங்க வீட்ல சும்மாதான் கெடக்கு..."

"எனக்கு விரல் எதுக்குய்யா இருக்கு?" என்று வெர்லின் சுவரைத் தட்டினார். வைத்தியர் மாதிரி காதை வைத்துக் கேட்டார். ஒரு சட்டம் அகப்பட்டது. வழக்கப்படி அதிலிருந்து பதினாறு அங்குலத்தில் அடுத்தது நிற்க வேண்டும். அளந்து துளை போட்டார். வெள்ளைப் பொடி கொட்டியது. கொஞ்சம் தள்ளிப் போட்டார். அங்கும் பொடிதான். சுவர் சல்லடையானது.

"எந்த மடப்பய இந்தச் சுவரை அடிச்சான்? சட்டம் நிக்கவேண்டிய எடத்துல காத்துதான் நிக்குது!"

சமையலறையிலிருந்து மனைவி மார்லிஸின் குரல் வந்தது. "அங்க முன்னாடி ஒரு கதவு இருந்துச்சுல்ல? அதை எடுத்துட்டு அடைச்சது யாருன்னுதான்... எனக்குச் சரியா ஞாபகம் வரல."

அவளுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. இப்போது வெர்லினுக்கும் வந்துவிட்டது. அடைத்த மகராசன் அவரேதான், கைக்குக் கிடைத்த மரத்தைக் கிடைத்த இடத்தில் நிறுத்தி.

டிவியை ஒரு முழம் நகர்த்தினால் இரண்டு சட்டம் அகப்படும். ஆனால் சுவருக்கு நடுவில் இருக்காது. மகள் என்ன நினைப்பாள்? ஆகவே டிவியைத் தாங்கும் பிராக்கெட்டின் ஒரு பக்கத்தை மரத்தில் முடுக்கினார். மறுபக்கத்துக்கு, துளையில் செருகுகிற பிளாஸ்டிக் கட்டைகள் போதும் என்று தீர்ப்பு வழங்கினார். ரசமட்டம் வைத்துப் பார்த்தார். குமிழி அச்சாக நடுவில் நின்றது. சுவரைப் பற்றி அதனிடம் யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். டுவேன் நிமிர்ந்து பார்த்து, "வித்தியாசமா இருக்கே" என்று தன் நாற்காலியை வாசல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பாதி ஆட்டத்தில் டிவியின் வலது பக்கம் இறங்கத் தொடங்கியது. ஊதாச் சட்டைக்காரர்கள் பள்ளத்தை நோக்கி ஓடினார்கள். பிரிட்டா தலையைச் சாய்த்துக்கொண்டு பார்த்தாள். மார்லிஸ் டிவிக்குக் கீழே இருந்த ஹாட்டிஷ் என்ற உருளைக்கிழங்குப் பதார்த்தத்தை, சூடு ஆறுவதாகச் சொல்லி, வேறு மேஜைக்கு மாற்றினாள். வெர்லின் எல்லாவற்றையும் பார்த்தார். பார்க்காதது போல் உட்கார்ந்திருந்தார்.

அப்போது தட்டு எடுக்க எழுந்த பிரிட்டா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு டிவி பக்கமாக நடந்தாள்.

"அங்க போகாத! அது நிக்காது!" என்று வெர்லின் கத்தினார். அந்த வீட்டில் யாரும் அப்படிப் பட்டென்று பேசிக் கேட்டதே இல்லை. பிரிட்டா நின்றுவிட்டாள். பலகை பெயர்ந்து, டிவி ஒரு பக்கமாக மடங்கி, தரையில் முகம் குப்புற விழுந்தது.

"இதைவிட மோசமா ஆகியிருக்கலாம்" என்றார் டுவேன். ஆயுளில் முதல் தடவையாக அது உண்மையாக இருந்தது.

மார்லிஸ் காபி வேண்டுமா என்று சுற்றி வந்தாள். எல்லோரும் வேண்டாம் என்றார்கள். அங்கே ஒரு வாய் காபியைக்கூட மூன்றாம் தடவை கேட்டால்தான் வாங்குவார்கள். முதல் இரண்டு தடவை மறுப்பதுதான் மரியாதை. வெர்லின் முட்டி போட்டுக் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே மகளிடம் சொன்னார்.

"தொட்டில் அலமாரிக்கு வேற ஆளைப் பார்த்துக்கம்மா."

"சரிப்பா" என்றாள் பிரிட்டா, முதல் தடவையிலேயே.