வோல்கா நதியில் சம்பந்தியம்மாவோடு

ரஷ்யாவைப் பார்க்க வேண்டும் என்று நான் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. மாஸ்கோவிலிருந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வரை ஆறும் ஏரியுமாகக் கப்பலில் போகும் அந்தச் சுற்றுலா, என் மகனும் மருமகளும் சேர்ந்து இரண்டு அம்மாக்களுக்கும் கொடுத்த பரிசு. இரண்டு அம்மாக்கள் என்றால் நானும் சம்பந்தியம்மாவும். இருவருமே கணவரை இழந்தவர்கள். நான் திருச்சிக்காரி. எண்பதுகளின் நடுவில் கணவரின் ஆராய்ச்சி வேலைக்காக மெல்பர்ன் வந்து, கிளேட்டனில் குடியேறி, ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சம்பந்தியம்மா யாழ்ப்பாணத்துக்காரர். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு சின்னப் பிள்ளையோடு வந்து சேர்ந்தவர். எங்களுக்குப் பக்கத்துப் புறநகரான நோபல் பார்க்கில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்து, ஒற்றை ஆளாக மகளைப் படிக்க வைத்தார்.

போன வருடம் டிக்கெட் எடுத்தபோது பிள்ளைகள் நன்றாகத்தான் இருந்தார்கள். மெல்பர்னின் மறுகோடியில், வெரிபீயில் புது வீடு கட்டிக் குடியேறியிருந்த சமயம். கிளம்புவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது மருமகள் தனியாக வந்தாள். மருந்துக்கடையில் வேலை அவளுக்கு. வியாழக்கிழமைகளில் வேலை முடிந்ததும் என் வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டுத்தான் வெரிபீக்குப் போவாள். அன்று வியாழக்கிழமை இல்லை.

"மாமி, நாங்க செபரேட் பண்ணுறதா முடிவெடுத்திட்டம். அம்மாவுக்கு நீங்கதான் சொல்லவேணும்" என்றாள்.

"நல்லா இருக்கே கதை! உன் அம்மாகிட்ட நான் எதுக்குச் சொல்லணும்?"

"இஞ்ச சொன்னா அம்மா நோபல் பார்க் முழுக்க வீடு வீடா ஓடுவா. கோயில்ல போய் அழுவா. கப்பல்ல எண்டா ஒருத்தரிட்டையும் ஓட ஏலாது. திரும்பி வரேக்க கொஞ்சம் ஆறியிருப்பா. ப்ளீஸ் மாமி."

சிட்னியிலிருந்த மகனுக்குப் போன் செய்தேன். அங்கே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒப்புக்கொண்டு, எட்டு மாதமாக அங்கேயே இருந்தான். "ஆமாம்மா, அவ சொன்னது கரெக்ட்தான்" என்றான். பழைய காரை விற்றுவிட்டேன் என்று சொல்வதுபோல் சொன்னான். எனக்கு வந்த கோபத்துக்கு அவன் எதிரில் இருந்திருந்தால் கன்னத்தில் ஒன்று விழுந்திருக்கும். ஆனால் அந்தப் பெண் அதுவரை என்னிடம் எதையுமே கேட்டதில்லை. பீட்டர்ஸ்பர்க் போய்ச் சேர்வதற்குள் சொல்லிவிடுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

கப்பலில் எங்களுக்கு ஒரே அறை, இரண்டு கட்டில். ஒன்று ஜன்னலோரம். சம்பந்தியம்மா உள்ளே நுழைந்ததும் என் பெட்டியைத் தூக்கி ஜன்னலோரக் கட்டிலில் வைத்தார்.

"வேண்டாம், நீங்க அங்க படுங்க" என்றேன்.

"சேச்சே, நீங்கள் மாப்பிள்ளையின்ர தாய். நீங்கள்தான்."

இந்த மாப்பிள்ளையின் தாய் பட்டம் என்னைப் பிடித்து ஆட்டியது. குளியலறைக்கு நான்தான் முதலில் போக வேண்டும். ஊர் பார்க்கப் போகும் பஸ்ஸில் நான்தான் ஜன்னலோரம் உட்கார வேண்டும். சாப்பாட்டு மேஜையில் ரொட்டிக் கூடை முதலில் என்னிடம் வரும். பெண்ணைப் பெற்றவள் தணிந்து போக வேண்டும் என்பதை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது; இருபத்தைந்து வருட ஆஸ்திரேலியா அதை அசைக்கவில்லை. நானும் ஒவ்வொரு தடவையும் மறுத்துப் பார்ப்பேன். இரண்டு பேரும் குளியலறை வாசலில் நின்று "நீங்க போங்க", "இல்லை நீங்கள் போங்கோ" என்று வாதாடுவோம். கடைசியில் வென்றது எப்போதும் அவர்தான்.

எங்கள் மேஜையில் மெல்பர்னுக்குப் பக்கத்து ஊரான ஜீலாங்கிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. அக்கா தங்கையா என்று அந்த அம்மாள் கேட்டார். சம்பந்தியம்மாவின் மகள் என் மகனைக் கட்டியிருக்கிறாள் என்று விளக்கினேன். "ஓ, அப்படியானால் நீங்கள் சிநேகிதிகள்!" என்றார். சம்பந்திகளைச் சிநேகிதிகள் என்பதைவிடப் பெரிய வேடிக்கை இருக்க முடியாது. பிள்ளைகளுக்குக் கல்யாணமான மூன்று வருடத்தில் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போனில் சுகம் விசாரித்ததுதான்.

மாஸ்கோவில் செஞ்சதுக்கத்தையும் சுரங்க ரயில் நிலையங்களையும் பார்த்தோம். எண் எழுதிய பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வழிகாட்டிப் பெண் முன்னால் நடக்க, காதில் மாட்டிய கருவியில் அவள் குரல் கேட்க, வாத்துக் கூட்டம் மாதிரி பின்னால் போனோம். அங்கேயே சொல்லியிருக்கலாம். பயணத்தின் முதல் நாளிலேயே ஒருவரை அழவைப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

அடுத்து உக்லிச் என்ற சிற்றூர். சிறுவயதில் மர்மமாக இறந்துபோன ஓர் இளவரசனுக்காக ஆற்றங்கரையில் சிவப்பாய் ஒரு தேவாலயம் கட்டியிருக்கிறார்கள். அவன் இறந்த சேதியை ஊருக்கு அறிவித்தது ஒரு மணி. அரசாங்கத்துக்கு ஆத்திரம் வந்து அந்த மணிக்குச் சவுக்கடி கொடுத்து, நாக்கைப் பிடுங்கி, சைபீரியாவுக்கு நாடு கடத்தினார்களாம். வழிகாட்டிப் பெண் இதைச் சிரிக்காமல் சொன்னாள்.

"மணி என்ன பாவம் செய்தது? சேதியைத்தானே சொன்னது" என்றார் சம்பந்தியம்மா.

நான் தேவாலயத்தைப் படம் எடுப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். அன்றைக்கும் சொல்லவில்லை.

யாரஸ்லாவில் பழைய ஆளுநர் மாளிகைக்குக் கூட்டிப் போனார்கள். அந்தக் காலத்து உடுப்பில் இளைஞர்களும் பெண்களும் ஆடிக் காட்டிவிட்டு, பார்க்க வந்தவர்களையும் கைப்பிடித்து இழுத்தார்கள். வால் வைத்த கோட்டுப் போட்ட ஒருவன் சம்பந்தியம்மாவின் முன்னால் வந்து குனிந்தான். "ஐயோ, எனக்குத் தெரியாது, விடு தம்பி" என்று தமிழிலேயே அவனிடம் சொன்னார். அவன் விடவில்லை. சேலைக்கு மேல் ஸ்வெட்டர், காலில் நடைச் சப்பாத்து, அந்தக் கோலத்தில் மண்டபத்தை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. திரும்பி வந்து என் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "மச்சாள், ஏன் பாத்துக்கொண்டிருந்தனீங்கள்? என்னைக் காப்பாத்தியிருக்கலாமே!" என்றார். அவர்கள் பக்கத்தில் சம்பந்திமார் நெருங்கிவிட்டால் மச்சாள் என்று கூப்பிடுவார்களாம். அன்றைக்குத்தான் எனக்கு அந்தப் பதவி கிடைத்தது.

அதற்குப் பிறகு பேச்சு நிற்கவில்லை. கப்பலில் கொடுத்த பீட்ரூட் சூப்பை "உப்பில்லாத ரசம்" என்றேன். அவர் கைப்பையிலிருந்து வறுத்த மிளகாய்த்தூள் டப்பாவை எடுத்தார். இரண்டு பேரும் அதைக் கலந்து குடித்தோம். ஜீலாங் அம்மாள் ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டு அரை மணி இருமினார். சம்பந்தியம்மா முதியோர் இல்லத்தில் கிழவர்கள் செய்த சேட்டைகளைச் சொல்வார். நான், ரத்தப் பரிசோதனைக்கு வந்து மயங்கி விழும் ஆறடி ஆண்களைப் பற்றிச் சொல்வேன். ஆற்றின் மட்டம் மாறும் இடங்களில் கப்பலை ஏற்றி இறக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்குள் நிற்கும்போது மேல்தளத்தில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்போம். பச்சைப் பாசி படிந்த சுவர் எங்களைத் தாண்டி மெல்ல இறங்கும். என் கணவர் போன பிறகு நான் அவ்வளவு சிரித்ததில்லை. அதுதான் வினையாகிப் போனது. சம்பந்தி முறையில் பத்தடி தள்ளி இருந்தவரிடம் சொல்வது ஒரு கஷ்டம். மிளகாய்த்தூளைப் பங்குபோட்டுச் சாப்பிட்டவரிடம் சொல்வது அதைவிடக் கஷ்டம்.

கோரிட்ஸி என்ற இடத்தில் ஆற்றோரம் ஒரு பழைய கன்னிமாடம். அரசர்களும் பிரபுக்களும் வேண்டாத மனைவியரைக் கொண்டுவந்து அடைத்த இடம் என்று வழிகாட்டிப் பெண் சொன்னாள். சம்பந்தியம்மா அந்த வெள்ளைச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்தார்.

"கடவுளே எண்டு என்ர பிள்ளைக்கு அந்தக் கவலை இல்லை. உங்கட மகன் தங்கம். நான் தினமும் கும்பிடேக்க அவரையும் சேர்த்துத்தான் கும்பிடுறனான்."

இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை.

அன்று மாலை கப்பல் வெள்ளை ஏரிக்குள் நுழையும் இடத்தில், தண்ணீருக்கு நடுவே இடிந்த தேவாலயம் ஒன்று நின்றது. அந்த வடக்குக் கோடையில் மாலை என்று பெயர்தான், வெயில் மத்தியானம் போல் அடித்தது. எல்லாரும் படம் எடுக்க அந்தப் பக்கத்துக்கு ஓடினார்கள். இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"சம்பந்தி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். பசங்க ரெண்டு பேரும் பிரியறதா முடிவு பண்ணிட்டாங்க."

அவர் என்னைப் பார்த்தார். "என்ன பகிடி இது?"

"பகிடி இல்லை. நாம திரும்பிப் போறதுக்குள்ள அவ தனியா ஒரு சின்ன யூனிட் வீட்டுக்குப் போயிடுவா."

"ஆரின்ர பிழை?"

இந்தக் கேள்விக்கு வழியெல்லாம் ஒரு பதில் தயாரித்து வைத்திருந்தேன். இரண்டு பக்கமும் சமமாக வரும்படி, மகனுக்கு அடி படாதபடி அழகாக அடுக்கி வைத்த பதில். அது வாயில் வரவில்லை.

"என் பையன்தான். அவளைக் கேக்காம சிட்னி போனான். போனவன் திரும்பிப் பாக்கலை. அவ எவ்வளவோ பொறுத்துப் பாத்தா."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"கிளம்பறதுக்கு முன்னாடியே."

 சாப்பாட்டு மணி அடித்ததும் அவர் எழுந்து போனார். மேஜையில் ஜீலாங் தம்பதியோடு வழக்கம்போல் பேசினார். மிளகாய்த்தூள் டப்பா கைப்பையிலிருந்து வெளியே வரவில்லை. அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்த பிறகுதான் கேட்டார்.

"அவள் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்க தாங்க மாட்டீங்கன்னு பயந்தா."

"நான் தாங்கமாட்டனோ? குண்டுமழையையும் தாண்டித் தனிய இந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவள் நான். நான் தாங்கமாட்டனாமோ?" குரல் உடைந்துவிட்டது. "உங்களிட்ட வந்து சொல்லியிருக்கிறாள். எப்ப வந்தவள்?"

சொன்னேன். வியாழக்கிழமைகளையும் சேர்த்துச் சொன்னேன். அது அவருக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியாது. நான் சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டார்.

காலையில் கண் விழித்தபோது குளியலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. என்னைக் கேட்காமல், எழுப்பாமல், அவர் முதலில் போயிருந்தார். பஸ்ஸிலும் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தார். ரொட்டிக் கூடை வந்தபோது தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு கூடையை மேஜை நடுவில் வைத்தார். எனக்கு அது வலித்தது. அதே சமயம், இந்தப் பெண்மணி மூன்று வருடமாக என் முன்னால் குனிந்தே நின்றிருக்கிறார், இப்போதுதான் நிமிர்கிறார் என்றும் தோன்றியது. எந்தப் பேரில் குனிந்தாரோ அந்தப் பேர் போய்விட்டதல்லவா?

கிழித் தீவில் இருபத்திரண்டு கோபுர முடிகளோடு ஒரு மரத் தேவாலயம் இருக்கிறது. உலகமே வந்து பார்க்கும் கட்டடம். அவர் அதைச் சுற்றி இடமாக நடந்தார், நான் வலமாக நடந்தேன். நடுவில் சந்தித்தபோது இரண்டு அந்நியர்கள்போல் ஒதுங்கி வழிவிட்டோம்.

பீட்டர்ஸ்பர்க் அரண்மனை அருங்காட்சியகத்தில் நெரிசல். படிக்கட்டில் கூட்டம் நெருக்கியபோது அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். விழுந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். மேலே ஏறியதும் கையை விட்டுவிட்டு, ஓவியங்களைப் பார்த்தபடியே சொன்னார்.

"இனி வியாழக்கிழமையில உங்கட வீட்டுக்கும் ஒருத்தரும் வரமாட்டினம், என்ன?"

குத்திக் காட்டினாரா, இரங்கினாரா, எனக்குத் தெரியவில்லை. நான் அங்கேயே, சுவர் முழுக்கத் தங்கச் சட்டம் போட்ட ராஜாக்கள் பார்த்துக்கொண்டிருக்க, அழுதேன். மகனுக்காக அழவில்லை. அவனுக்கு என்ன, அவன் பிழைத்துக்கொள்வான். அந்தப் பெண் எனக்கு வேண்டியிருந்தாள். சம்பந்தியம்மா ஒரு டிஷ்யூவை எடுத்துக் கொடுத்துவிட்டு வழிகாட்டியின் பலகையைத் தேடிக்கொண்டு முன்னால் நடந்தார்.

மெல்பர்ன் விமான நிலையத்தில் மருமகள் மட்டும் வந்திருந்தாள். கறுப்புக் கோட், கண்ணுக்குக் கீழே கருவளையம். அம்மாவைப் பார்க்காமல் முதலில் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையை லேசாக ஆட்டினேன். சம்பந்தியம்மா அதைக் கவனித்துவிட்டார். பெட்டி வண்டியை அப்படியே நடுவழியில் நிறுத்தினார்.

"அங்க என்ன பார்வை? ஓம், அவ சொல்லிப்போட்டா. இப்ப நீ சொல்லு."

"அம்மா, நொட் ஹியர். கார்ல போய்க் கதைப்பம்."

"இஞ்சதான். உன்னைப் பெத்தனான் நான். உன்ர வாயால கேக்காமல் இந்த இடத்தை விட்டு அசைய மாட்டன்."

பின்னால் வந்தவர்கள் வண்டிகளைத் திருப்பிச் சுற்றிக்கொண்டு போனார்கள். மருமகள் கோட்டுப் பொத்தானைத் திருகினாள்.

"எனக்கு ஏலாது அம்மா. ட்ரை பண்ணினனான். ஏலாமப் போச்சு."

சம்பந்தியம்மா வண்டியை விட்டுவிட்டு அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"இவ்வளவும்தானே? இதைக் கேக்கவோடி நான் ரஷ்யா வரைக்கும் போக வேண்டியிருந்தது?"

இரண்டு பேரும் அழுதார்கள். என் பெட்டி சம்பந்தியம்மாவின் வண்டியில் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. மேலே இருந்தவற்றை நகர்த்தி அதை எடுத்துக்கொண்டு, வெளியே டாக்சி வரிசையில் போய் நின்றேன். என் முறை வரும்வரை கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். யாரும் என்னைக் கூப்பிட வரவில்லை.