மூன்று கப்பல் போட்ட வெள்ளிக் காசுகள்

இந்த விடுமுறையில், விருத்தாசலத்தில் என் அண்ணன் வீட்டில், பட்டப்பகலிலேயே கம்பிக்கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பால்காரர் மணியடித்தால்கூட ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் திறந்தேன். இத்தாலியில் தனியாக இருக்கும் அறையில்கூட நான் இப்படிப் பயந்ததில்லை.

காரணம், ஒரு டப்பா பழைய வெள்ளிக் காசுகள். இத்தாலியில் ஒரு டைல்ஸ் தொழிற்சாலையில் கீறல் விழுந்த ஓடுகளைப் பிரித்தெடுப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், யூரோ வருவதற்கு முன்பு அங்கே புழங்கிய பழைய லீரா காசுகளைத் துணி விரித்துக் கொட்டி வைத்திருப்பார்கள். மூன்று பாய்மரக் கப்பல்கள் போட்ட காசொன்றை எடுத்து, வெள்ளியா என்ற பொருளில் “அர்ஜெந்தோ?” என்றேன். என் உச்சரிப்பில் அது அர்ஜென்டினா என்று கேட்டிருக்க வேண்டும். கடைக்காரர் தலையை ஆட்டி, இத்தாலிக் காசு என்ற பொருளில் “நோ, இத்தாலியா” என்றார். வெள்ளி இல்லை போலும் என்று நகர்ந்துவிட்டேன். ஆனால் அந்தக் கப்பல்கள் விடவில்லை. திரும்பிப் போய் வாங்கினேன். அது வெள்ளிதான் என்று பிறகுதான் தெரிந்தது. பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். அந்த ஊரில் எனக்கென்று நான் வாங்கிக்கொண்டது அவை மட்டும்தான்.

ஆசையாக அண்ணியிடம் காட்டினேன். அண்ணி கோயிலில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அண்ணன் வேலை செய்யும் செராமிக் கம்பெனிக்கு அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்தபோது, எங்கள் வீட்டு அஸ்திவாரம் தோண்டியதில் காசுப் பானை கிடைத்ததாக மாறியிருந்தது. “பொதையல் கெடைச்சுதாமேக்கா?” என்று ஆட்டோக்காரர் கேட்டபோது சிரித்தேன்.

மறுநாள் மதியம், நான் தனியாக இருந்தபோது இரண்டு பேர் வந்தார்கள்.

“ஸ்டேஷன்லேர்ந்து வரோம். அந்தக் காச எடுத்துட்டு வாங்க, பாத்துட்டுக் குடுத்துடறோம்.”

“எங்கண்ணன் வரட்டுங்க.”

“அவரு ஷிஃப்ட்டு முடிஞ்சுதான வருவாரு? அண்ணியும் வூட்ல இல்ல.”

குரலில் மிரட்டல் இல்லை. எல்லாம் தெரிந்து வைத்திருந்ததுதான் பயமாக இருந்தது. போனைக் காதில் வைத்து, அண்ணனிடம் பேசுவதுபோல் சத்தமாகப் பேசினேன். “அப்பறமா வரோம்” என்று போய்விட்டார்கள்.

அண்ணன் ஸ்டேஷனில் விசாரித்தார். அங்கிருந்து யாரையும் அனுப்பவில்லையாம். “நான்தான் வாய வச்சிக்கிட்டுச் சும்மா இல்ல” என்று அண்ணி அழுதார்.

டிக்கெட்டை மாற்றி, விடுமுறை முடியும் முன்பே கிளம்பினேன். சென்னை பஸ்ஸில் டப்பா இருந்த பையை அண்ணனே என் மடியில் வைத்தார். “ஊருக்குப் போய்ச் சேந்ததும் போன் பண்ணு” என்றார். அவர் ஊர் என்று சொன்னது இத்தாலியை. நானும் சரி என்றேன்.

பஸ் செராமிக் கொட்டகைகளைத் தாண்டியது. இதே ரோட்டில் எத்தனையோ முறை, ஊர் எப்போது வரும் என்று எட்டியெட்டிப் பார்த்தபடி வந்திருக்கிறேன். அன்று, பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஊர் எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.